ஆள் மாற்று

பிரின்ஸ்டன் சார் வந்ததிலிருந்து ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடமே விளையாட்டாகிவிட்டது. சரியாகப் பதில் சொன்னால் அந்த அணி ஒரு காலித் தீப்பெட்டியைத் தன் கோபுரத்தின் மேல் அடுக்கலாம்.

வகுப்பில் பருத்தி, கம்பு என்று இரண்டு அணி. பருத்தி அணிக்கு மேரிராணி தலைவி. அவள் தோழி பூங்கொடிக்குப் பதிலெல்லாம் தெரியும், எழுந்து நின்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேரிராணிதான் தினமும் வேப்பமரத்தடியில் நிற்கவைத்துச் சொல்லிப் பழக்குவாள்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் சார் புது விதி போட்டார்.

"ஐபிஎல் மாதிரிதான். தலைவருங்க ஒரு ஆளை மாத்திக்கிடலாம்."

பூங்கொடி மேரிராணியைப் பார்த்துச் சிரித்தாள். மேரிராணி சாரையே பார்த்தாள்.

"சார், பூங்கொடிய கம்பு அணிக்குக் குடுத்திருதோம். எங்களுக்கு டக்குன்னு பதில் சொல்லுத அவங்க இசக்கிதுரை வேணும்."

"ஏலே, வாயில்லாப் பூச்சிய நம்ம தலையில கெட்டிட்டா," என்று கம்பு அணியில் ஒருவன் முனகினான்.

பூங்கொடி பையைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சுக்குப் போனாள். அவளுக்கு வந்த கேள்வி, கரிசல் மண் கோடையில் ஏன் வெடிக்கிறது என்பது. எழுந்தாள். நாக்கு ஒட்டவில்லை.

"ஈரத்துல உப்பிரும் சார், காஞ்சா சுருங்கும். அதான் வெடிக்கி."

கம்பு அணி ஜெயித்தது.

பள்ளி விட்டதும் மேரிராணி வாசலில் மறித்தாள். "விளையாட்டுக்குத்தானட்டி மாத்துனேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதியே."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போயிருப்பேம்ட்டி," என்றாள் பூங்கொடி.

கம்பு அணிக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவர்களோடும் சேராமல் தனியாக நடந்தாள்.