கூட்டம் என்று ஒரு கட்டம்

...இல்லை, இந்த ஃபாரத்தை அவளே நிரப்பியிருக்க மாட்டாள், அவள் அண்ணன்தான் ஈரோட்டில் ஏதாவது பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய் நிரப்பியிருப்பான், ராசி, நட்சத்திரம், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று இவ்வளவு ஒழுங்காக எழுத லோகப்பிரியாவுக்கு எப்போது பொறுமை இருந்தது... மோடம் கத்தி ஓய்ந்து, மெயில்கள் இறங்கியதும் முதல் வரியே அவள் பெயர். புதிய கணக்கு திறக்கப்பட்டது, ஊர் கொடுமுடி. திறந்தது யார்? நான்தான், நான் எழுதிய புரோகிராம். இங்கே சிங்காநல்லூரில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் எங்கோ வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் அது அவள் ஃபாரத்தை வாங்கி, பயனர் பெயர் வைத்து, கடவுச்சொல் கொடுத்து, நல்ல வரன் அமையட்டும் என்று அவளுக்கு ஒரு வாழ்த்தும் அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு நகல் போட்டிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... கேட்காமல் செய்ய வேண்டும் என்றுதானே அதை எழுதினேன்.

முதலாளி சுப்பண்ணன் கேட்டது அதைத்தான். தன் சனத்துக்கு ஒரு கல்யாண வெப்சைட், இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்குள். "ஏனுங்க தம்பி, ஒவ்வொருத்தருக்கா நாம உக்காந்து கணக்குத் தொறந்தா ஆகுமுங்களா? ஃபாரம் வந்தாத் தானாத் தொறக்கோணுமுங்க." கடையில் கிடைக்கிற எந்த சாஃப்ட்வேரிலும் அவர் கேட்ட கூட்டம், அதாவது அவர்கள் சாதிக்குள் இருக்கும் குலம், என்ற கட்டம் இல்லை, ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை, அவர்களைச் சேர்த்துக் காட்டிவிடக் கூடாது, அதனால் நானே பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். கூட்டங்களின் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தபோது நடுவில் நிறுத்தி, நீங்க எந்தக் கூட்டமுங்க என்றார். நாங்க வேற சனமுங்க என்றேன். அப்பா ஐயாசாமி யார் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார் என்பதுவரை சொல்லியிருக்கலாம், அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முகம் சுளிக்கவில்லை, பாவம். அன்றிலிருந்து எனக்கு ஒரு 'ங்க' கூடுதல், அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத கூட்டம் வந்தாலோ, கட்டம் காலியாக வந்தாலோ கணக்குத் திறக்கக் கூடாது, ஆனால் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறது. சோதித்துப் பார்க்க யார் பெயரைப் போடுவது, என் பெயரைத்தான் போட்டேன், எழில், கூட்டம் காலி. 'மன்னிச்சுக்கோங்க, உங்களுக்குக் கணக்குத் தொறக்க முடியலீங்க.' முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடியது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

இந்தக் கணக்கை அழிக்க ஒரே வரி போதும். கை விசையின்மேல்தான் இருக்கிறது... அழித்தால்? அண்ணன் நாளைக்கு இன்னொரு ஃபாரம் நிரப்புவான், புரோகிராம் இன்னொன்று திறக்கும், அதற்கு அலுப்பே கிடையாது. இரண்டு வருடம் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தோம், தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடப்பேன், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வாரேன் எழில் என்பாள். கடைசியாகப் போனபோதும், "ஊட்டுல பேசிப்போட்டு வாரேன் எழில்" என்றுதான் போனாள். போனவள் போனவள்தான், போன் பண்ணினால் அண்ணன் எடுக்கிறான். எனக்கு அழ வேண்டும்போல இருக்கிறது, எதிர் மேஜையில் ஆள் இருக்கிறார்.

கீழே தள்ளிக்கொண்டே போகிறேன், படிப்பு, உயரம், நிறம்... கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று ஒரு கட்டம், நானாகச் சேர்த்தது, யாரும் நிரப்புவதில்லை. அதில் ஆங்கில எழுத்தில் ஒரே சொல். வாரேனுங்க. பக்கத்தில் இரண்டு புள்ளி. ஒன்றும் வைக்க மாட்டாள், மூன்றும் வைக்க மாட்டாள், எதை அடித்தாலும் இரண்டு புள்ளிதான், எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அப்படியானால் அவளேதான் நிரப்பியிருக்கிறாள். ஒவ்வொரு ஃபாரத்தின் நகலும் எனக்கு வரும் என்று அவளிடம் பெருமையடித்திருக்கிறேனே, தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். வாரேன் என்றால்... எங்கள் பக்கத்தில் கிளம்பிப் போகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள், வந்து சேரப்போகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். வெளியே ஈரோடு பஸ் ஹார்ன் அடிக்கிறது. அது போகட்டும், இந்த 'ங்க' எதற்கு? என்னிடம் அவள் ஒருநாளும் 'ங்க' போட்டதில்லை. முன்பின் தெரியாதவனுக்கும் போடுவார்கள், கட்டிக்கொண்டவனுக்கும் போடுவார்கள்.