ஏழாம் எண் சட்டை

பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைக்கிற ஆள் தெம்பெகிலே. அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். தன் தம்பி மகன் அயபுலேலா அடுத்த சனிக்கிழமை நியூசிலாந்து மண்ணில், நாட்டு ரக்பி அணியின் ஏழாம் எண் சட்டை போட்டு இறங்கப் போகிறான் என்று, மாட்டுப் பட்டிக்குள் நின்று, வாசல் கம்பத்தடியில் சோள பீரை ஊற்றி, குலத்து முன்னோர்கள் அத்தனை பேரிடமும் அறிவித்துவிட்டார். பயிற்சியாளர் அணியை அறிவிக்கப் போவதோ செவ்வாய்க்கிழமைதான்.

உயிரோடு இருப்பவர்களிடம் சொன்னதை மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். செத்தவர்களிடம் சொன்னதை என்ன செய்வது? பட்டிக்குள் உட்கார்ந்திருந்த பதினைந்து ஆண்களுக்கும் இப்போது அந்தக் கவலை வந்துவிட்டது. அதனால் பீர் வாளி கைமாறக் கைமாற, பையன் தேர்வாகாமல் இருக்கவே முடியாது என்று ஒருவருக்கொருவர் நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். ஆலிஸ் நகருக்குப் பின்னாலுள்ள மலையடி ஊர்களில் குழந்தை நடக்கும் முன்பே பந்தைப் பிடிக்கும். அங்கே ஒவ்வொருவரும் ஒரு தேர்வாளர்தான், சம்பளம் மட்டும் இல்லை.

வாடகை வேன் ஓட்டும் சோலிசா ஒருவன்தான் ஒத்துப்போகவில்லை. ஆட்டம் நடக்கிற டனீடினில் மழை பெய்யும், தரை சேறாக இருக்கும், அங்கே ஓட்டக்காரனைவிட எடைக்காரன்தான் வேண்டும், ஆகவே புளூம்பொன்டெய்ன்காரன் டெவால்டைத்தான் எடுப்பார்கள் என்றான். டெவால்ட் திரும்புவதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான் என்று ஒருவர் சொல்ல, பட்டியே சிரித்தது. புதன்கிழமை நடந்த பயிற்சி ஆட்டத்தில் அயபுலேலா பதினெட்டு முறை எதிராளிகளைப் பிடித்துச் சாய்த்த கணக்கை ஓய்வுபெற்ற வாத்தியார் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். கடைசியாகச் சாய்த்தபோது பையன் தலையில் அடிபட்டதையும், உடனே எழுந்து ஓடியதையும் எல்லோரும் சேர்ந்து புகழ்ந்தார்கள்.

பட்டி வாசலுக்கு வெளியே, பெண்களோடு பெண்ணாக அயபுலேலாவின் தாய் நோசுகோ உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருடமாகியும் அந்தப் பட்டிக்குள் அவள் கால் வைத்ததில்லை. மருமகள்கள் வைப்பதில்லை. ஆனால் காது எங்கே வேண்டுமானாலும் போகும். மகனைப் புகழ்ந்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் பயத்தைக் கூட்டியது. சோலிசா வாயைத் திறந்தபோது மட்டும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் ஜெயிக்க வேண்டுமே என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பெற்ற தாய் வேண்டுகிற வேண்டுதலா இது?

வியாழக்கிழமை மகன் நியூசிலாந்திலிருந்து கூப்பிட்டிருந்தான். சாப்பாடு, குளிர் என்று நன்றாகத்தான் பேசினான். பிறகு, அப்பா வேலையிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்டான்.

அவன் அப்பாவின் பெயர் பாண்டிலே; அவர் செத்து மூன்று வருடமாகிறது. குழிக்கு முதல் மண் போட்டவனே இவன்தான்.

அப்பாவா என்று அவள் திகைத்துக் கேட்டதும் அவன் சிரித்தான், சும்மா விளையாடினேன் என்றான். விளையாட்டாக இருந்தால் அவன் குரல் அப்படி நடுங்கியிருக்காது. துருவித் துருவிக் கேட்டபின், தலைக்குள் ஏதோ இரைகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றான். அணி மருத்துவரிடம் சொன்னால் சட்டை போய்விடும், இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள், யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். இருபத்துமூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை இரும்பால் செய்தது என்ற நினைப்பு. அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

உள்ளே தெம்பெகிலே எழுந்து நின்றார். பையனை இப்போதே கைபேசியில் கூப்பிடுவோம் என்றார். முன்னோர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் பின்வாங்கக் கூடாது என்று அவனிடம் ஆளுக்கொரு வார்த்தை சொல்லித் தைரியம் கொடுப்போம் என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

நோசுகோவுக்குப் பகீர் என்றது. பெரியப்பா சொல்லி, அதுவும் பட்டிக்குள் நின்று சொன்னபிறகு, பையன் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டான். அவள் தோளில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, வாசல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"ஜோலா," என்று கணவரின் அண்ணனைக் குலப்பெயர் சொல்லி அழைத்தாள். "கூப்பிடறதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும்."

அவள் சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வந்துவிட்டாரா என்று மகன் கேட்டதையும் சொன்னாள். இனி இவர்கள் பதறுவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

அவர்கள் பூரித்துப் போனார்கள். பாண்டிலே மகனைத் தேடிக் கடல் தாண்டிப் போயிருக்கிறான், பக்கத்தில் நிற்கிறான், இதைவிட நல்ல சகுனம் உண்டா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். வாத்தியார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சோலிசாவே, அப்படியானால் டெவால்டுக்கு இடமில்லை என்று ஒத்துக்கொண்டான். தெம்பெகிலே இன்னொரு வாளி பீர் கொண்டுவரச் சொன்னார்.

நோசுகோவுக்கு அப்போது வந்த கோபம், அந்த வீட்டில் அவள் அதுவரை காட்டாத கோபம்.

"அவரு வந்தாருன்னே வச்சுக்குவோம். உங்க தம்பிய உங்களுக்குத் தெரியாதா, ஜோலா? கன்னுக்குட்டி நொண்டினாலே வேலைக்குப் போகாம வீட்ல நின்ன மனுசன். மண்டை கலங்கிப்போன மகன்கிட்ட வந்து, போடா, போய் இன்னொரு தடவ முட்டுன்னா சொல்லுவாரு? வீட்டுக்கு வாடான்னுதான் சொல்லுவாரு."

ஒரு மாடு இருமியது. தெம்பெகிலே தரையில் பீர் ஊற்றிய ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம்பியாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். புதிதாக வந்த வாளியை யாரும் தொடவில்லை. அவர் கைபேசியை எடுத்தார்.

அங்கே இரவு எட்டு மணி. பையன் எடுத்ததும் பெரியவர் சுற்றி வளைக்கவில்லை.

"டேய், அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. அவள ஏதும் பேசின, இங்கேர்ந்தே உதைப்பேன். தலை எப்படி இருக்கு? நான் பட்டிக்குள்ள நிக்கறேன், பொய் சொல்லாத."

எதிர்முனையில் விசும்பல் கேட்டது.

"வெளிச்சத்தப் பாத்தா வாந்தி வருது, பெரியப்பா. நானாப் போய்ச் சொன்னா பயந்துட்டான்னு பேசுவாங்க. நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

"என் பேரச் சொல்லு. பத்தலைன்னா உங்க தாத்தா பேரையும் சேத்துக்க. இப்பவே போ."

சரி என்றான். தொடர்பு அறுந்தது. நோசுகோ கம்பத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

ஆனால் ஞாயிறு முழுக்கப் பையனின் கைபேசி அணைந்து கிடந்தது. திங்களும் அப்படியே. கைபேசி வெளிச்சம் ஆகாது என்று மருத்துவரே அதைப் பிடுங்கி வைத்துக்கொண்ட விவரம் இவர்களுக்குப் புதன்கிழமைதான் தெரிய வந்தது. அதுவரை ஊர் சும்மா இருக்குமா? பையன் மனம் மாறிவிட்டான், பெரியவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டுச் சட்டைக்காகக் காத்திருக்கிறான் என்று கடையடியில் பேச்சு. சோலிசா வேனில் ஏறிய ஒவ்வொருவரும் ஏழாம் எண்ணைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டே இறங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நோசுகோவின் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. தெம்பெகிலே வானொலிப் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அறிவிப்பாளன் பதினைந்தாம் எண்ணிலிருந்து தலைகீழாகப் படித்தான். அந்த ஆளுக்கு என்ன நிதானம்! ஒவ்வொரு பெயருக்கும் ஊரும் வயதும் எடையும் சொன்னான். நோசுகோ சால்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு. பிறகு ஏழு. டெவால்ட்.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவள் அசையவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். பாதி ஆட்டத்தில் இறக்கினாலும் மண்டை மண்டைதானே. ஆறு, ஐந்து, நான்கு என்று எண்கள் இறங்கி முடிந்து, பதினாறு, பதினேழு என்று ஏறத் தொடங்கின. இருபதாம் எண்ணுக்கு அந்த ஆள் தொண்டையைச் செருமினான். வேறு பெயர். இருபத்தொன்று, இருபத்திரண்டு, வேறு பெயர்கள். இருபத்துமூன்று, வேறு பெயர். பட்டியல் முடிந்தது.

வாத்தியார் தலை குனிந்துகொண்டார். யாரோ பயிற்சியாளரைத் திட்ட ஆரம்பித்தார்கள். நாட்டிலுள்ள தாய்மார்களில் எவளும் செய்திராத காரியத்தை நோசுகோ அப்போது செய்தாள். எழுந்து நின்று, தலையை நிமிர்த்தி, கல்யாண வீட்டில் இடுவதுபோல நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டாள். மூச்சு இருக்கும் வரை இட்டாள். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் போன ஒருத்தி அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவடியில் நின்றாள்.

"உங்க பையன எடுத்துட்டாங்களா, மாட்லோமோ?" என்று நோசுகோவை அவள் பிறந்த குலத்தின் பெயரால் அழைத்துக் கேட்டாள்.

"எடுக்கல," என்றாள் நோசுகோ. "எடுக்கவே இல்ல, தாயி." அடுத்த குலவைக்கு மூச்சை இழுத்தாள். இந்த முறை அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.