ஜெம்மா தூங்குகிறாள்

"முன்னாடி போற ரோவன், ஜெம்மா... கேக்குதா? உங்க பின்னாடிதான் வர்றோம். யார் ஓட்டுறது, யார் பக்கத்துல உக்காந்து குறை சொல்றது?"

ரேடியோவில் வந்த பெண் குரலில் சிரிப்பு இருந்தது. ரோவன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். அவனுடைய டீசல் பிக்கப் இழுத்துவந்த கேரவனின், அந்தச் சக்கர வீட்டின், விலா தெரிந்தது. அதற்கு அப்பால், நேர்கோடாகக் கிடந்த சாலையில், இன்னொரு கேரவனை இழுத்தபடி ஒரு வெள்ளை ஜீப்.

கேரவனின் முதுகில் பெயர் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மரமே இல்லாத நல்லார்பர் சமவெளிப் பாதையில் கேரவன் இழுத்துப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். தங்கள் பெயரையும் ரேடியோவில் எந்தச் சேனலில் கிடைப்பார்கள் என்பதையும் பின்னால் ஒட்டிவைப்பார்கள். 'ரோவன் – ஜெம்மா, சேனல் 18.' நீல எழுத்துகள். ஜெம்மா ஏணியில் ஏறி ஒட்டியவை. வண்டிச் சாவியைத் திருப்பினால் ரேடியோ தானாக விழித்துக்கொள்ளும். அதுவும் அவள் செய்துவைத்ததுதான்.

மைக்கை எடுத்தான். "ரோவன்தான் ஓட்டுறேன்."

"நான் க்ளெனிஸ், கண்ணு. ஸ்டியரிங்கைப் புடிச்சிட்டே தூங்குறவர் நெவில், என் வீட்டுக்காரர். ஜெம்மா எங்க?"

"தூங்குறா."

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு கையிலிருந்த மைக்கையே பார்த்தான்.

ஜெம்மா மார்ச் மாதம் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. அதை இதுவரை அவன் யாருக்கும் சொல்ல நேர்ந்ததில்லை. அவனுக்கே டாக்டர்தான் சொன்னார். சொந்தக்காரர்களுக்குப் போனில் அவன் அண்ணன் சொன்னான். அவன் இயற்பியல் கற்பிக்கும் பள்ளியில் தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். எல்லாரும் அறிந்துகொண்ட பிறகுதான் அவன் எதிரில் வந்தார்கள். அவன் தலையாட்டினால் போதுமாக இருந்தது.

ஆனால் எஸ்பரன்சில் ஜெம்மாவின் அம்மா காத்திருந்தாள். உடம்புக்கு முடியாமல் அடக்கத்துக்குக்கூட வர முடியாதவள். போன வாரம் போனில் ஒன்றுதான் கேட்டாள். "வா. வந்து உன் வாயால சொல்லு. மத்தவங்க சொல்லிக் கேட்டாச்சு. நீ சொல்லி நான் கேக்கணும்." அடிலெய்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஓட்டும்போதே சொல்லிப் பார்த்தான். 'ஜெம்மா' வரை வரும். அதற்குமேல் வாய் சும்மா திறந்திருக்கும்.

"நல்லாத் தூங்கட்டும்" என்றாள் க்ளெனிஸ். "எழுந்ததும் சொல்லு, சிடூனால வாங்குன சிப்பி எங்க பிரிட்ஜ் நிறைய இருக்கு. அவளுக்குச் சிப்பி புடிக்குமா?"

"புடிக்காது. மூக்குச்சளியை முழுங்குற மாதிரி இருக்கும்னு சொல்லுவா."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "அதையேதான் நெவிலும் சொல்றார். ஆனா அவர் ஒரு டஜன் தின்னுட்டுச் சொல்றார்."

ரோவனும் சிரித்திருந்தான். பிடிக்காது, சொல்லுவாள் என்று, உயிரோடு இருப்பவளைப் போல. இத்தனை நாளில் அவளைப் பற்றி யாரிடமும் இப்படிப் பேச முடிந்ததில்லை. அவள் பெயரை எடுத்தாலே எதிரில் இருப்பவர்களின் முகம் மாறும், குரலைத் தாழ்த்துவார்கள். இந்தப் பெண்ணின் குரல் தாழவில்லை. சத்தமாக, வெயிலடித்த மாதிரி இருந்தது.

அதனால் மதியம் முழுக்க ஜெம்மா தூங்கினாள். இருபுறமும் உப்புச்செடியைத் தவிர வேறெதுவும் இல்லாத சமவெளி. டீசல் எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. நடுநடுவே க்ளெனிஸ் வருவாள். நெவில் ரிவர்ஸ் எடுத்து ஒரு கேரவன் முகாமின் வேலியைச் சாய்த்த கதை. முழங்கால் வலிக்கு அவள் போடும் எண்ணெய். ஜெம்மா என்ன வேலை பார்க்கிறாள்? மரத்தில் நாற்காலி செய்கிறாள். ஓட்டுவாளா? என்னைவிட நன்றாக ஓட்டுவாள். பாடுவாளா? வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பாடுவாள். பதில்கள் தடையில்லாமல் வந்தன. எல்லாமே உண்மை, ஒன்றைத் தவிர.

மாலையில் கூப்பிட்டாள். "ராத்திரி நாங்க ரோடுஹவுஸ்ல தங்குறோம். நீங்களும் வாங்க, ஒண்ணாச் சாப்பிடலாம்."

"இன்னும் கொஞ்சம் போயிடலாம்னு பாக்குறோம். அவளுக்குத் தலைவலி."

"தலைவலியா? பகல் பூராத் தூக்கம், சிப்பி ஆகாது, இப்பத் தலைவலி..." குரல் குறும்பாக இழுத்தது. "டேய் பயலே. நான் மூணு பெத்தவடா. எனக்குத் தெரியாதா?"

"க்ளெனிஸ்!" என்று நெவிலின் குரல் குறுக்கே விழுந்தது. "இது எல்லாரும் கேக்குற சேனல். மைக்கைக் கீழ வை."

"நல்ல விஷயந்தானே? கேக்கட்டுமே."

எங்கிருந்தோ, முகம் தெரியாத ஓர் ஆண் குரல். "வாழ்த்துகள் தலைவா. இப்பவே நல்லாத் தூங்கிக்கங்க."

இல்லை என்று சொல்ல ஒரு இடைவெளி இருந்தது. அவன் மைக்கின் பொத்தானை அழுத்தவில்லை. இடைவெளி மூடிக்கொண்டது.

சாலையோரச் சரளைத் திடல் ஒன்றில் தனியாக நிறுத்தினான். டின் பீன்ஸைச் சூடாக்கி, கேரவன் படியில் உட்கார்ந்து பாத்திரத்திலிருந்தே தின்றான். காற்று விடாமல் அடித்தது. குழந்தை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் இரண்டு பேருமாக மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. பாத்திரத்தைக் கழுவினான்.

மறுநாள் மேற்கு மாநில எல்லைச் சாவடியில், உள்ளே கொண்டுபோகக் கூடாத பழமும் தேனும் இருக்கிறதா என்று பார்க்க ஒருத்தி கேரவனுக்குள் ஏறினாள். பிரிட்ஜைத் திறந்து ஒரு ஆப்பிளைப் பறித்துக்கொண்டாள். "எத்தனை பேர்?" என்றாள்.

"ஒரு ஆள்."

அவள் தலை நிமிரவே இல்லை. "போகலாம்."

அவ்வளவு எளிதாக இருந்தது. ஆனால் அதில் ஜெம்மாவின் பெயர் இல்லை.

எல்லையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வெள்ளை ஜீப் மறுபடி கண்ணாடியில் முளைத்தது.

"காலை வணக்கம், தம்பி! அம்மாக்காரி எப்படி இருக்கா? வாந்தி உண்டா?"

"பரவாயில்ல" என்றான். நேற்று வெயிலாக இருந்த குரல் இன்று கூசியது. இப்போது அவன் ஒருத்தியை அல்ல, இரண்டு பேரை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

"ஜெம்மாகிட்டச் சொல்லு, உப்பு பிஸ்கட் ஒண்ணு வாயில வெச்சுக்கிட்டு எழுந்திரிக்கணும். எழுந்தப்புறம் இல்ல. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி. சொல்லுவியா?"

"சொல்றேன்."

யூக்ளா என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலை மேட்டிலிருந்து சமவெளிக்குச் சரிகிறது. ஸ்டியரிங் காலையிலிருந்தே கையில் கனமில்லாமல் இருந்தது. கவனித்திருக்க வேண்டும். சரிவின் பாதியில் மூன்று பெட்டி கோத்த லாரி ஒன்று வலப்பக்கம் ஏறி வந்தது. அதன் காற்று முதலில் கேரவனை ஓரத்துக்குத் தள்ளியது. பிறகு தன் பக்கம் உறிஞ்சியது. லாரி போய்விட்டது. ஆட்டம் நிற்கவில்லை.

கண்ணாடியில் கேரவன் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்து வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. பிக்கப்பின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது.

"ரோவன்! உன் கேரவன் வாலை ஆட்டுது!"

"தம்பி, பிரேக்குல கால் வைக்காதே." நெவில் மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். "ஆக்சிலேட்டரை விடு. கேரவன் பிரேக்கை மட்டும் கையால அழுத்து. ஸ்டியரிங்கை நேராப் புடி, அதோட சண்டை போடாதே."

அவர் குரலுக்குப் பின்னால் க்ளெனிஸ் கத்தினாள். "ஜெம்மாவைக் கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லு! வயித்துக்குக் கை குடுக்கச் சொல்லு!"

டேஷ்போர்டில் ஜெம்மா பொருத்திய சின்னக் குமிழ் இருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினான். கேரவனின் சக்கரங்கள் மட்டும் இறுகின. பின்னாலிருந்து ஒரு இழுப்பு. இன்னொரு ஆட்டம், சின்னதாக. பிறகு நேராக வந்தது. சரிவின் அடியில் சரளைக்கல்லில் இறக்கி நிறுத்தினான்.

"ரோவன்? ஜெம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே? ஜெம்மா, நீயே பேசு கண்ணு. உன் குரலைக் கேட்டாத்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்."

அவன் மைக்கை எடுத்தான். பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டில் உருண்டு கிடந்தது.

"ஜெம்மா" என்றான். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது. பொத்தானை விடவில்லை. "ஜெம்மா செத்துட்டா. மார்ச்ல. வண்டியில நான் மட்டுந்தான் இருக்கேன்."

விரலை எடுத்தான். சேனலில் வெறும் இரைச்சல். அதில் யாரோ, நேற்று வாழ்த்துச் சொன்னவனாக இருக்கலாம், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது கேட்டது.

ஜீப் அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. முதலில் இறங்கியது க்ளெனிஸ். குள்ளமாக, வெள்ளைத் தொப்பியோடு, அவன் நினைத்ததைவிட வயதானவளாக இருந்தாள். அவன் ஜன்னலருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி இருக்கையைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளு" என்றாள். முகம் சிவந்திருந்தது. "ரெண்டு நாளா அவளுக்குப் பிஸ்கட் தின்னச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். வாந்தி வருதான்னு கேக்குறேன். நீயும் பரவாயில்லங்கற! என்னடா மனுஷன் நீ?"

"மன்னிச்சிருங்க."

"மன்னிப்பா? என் வாயை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது இப்ப?" தொப்பியைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள். திரும்பி ஜீப்புக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

நெவில் மெல்ல வந்தார். ஜன்னலில் கை வைத்து நின்றார். "அவ கத்துனது உன்கிட்ட இல்ல" என்றார். "பின்பக்கத்தைத் திற. ஏன் ஆடுச்சுன்னு பாப்போம்."

ரோவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. கிளம்பும்போது கேரவனின் முன்பக்கம் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. கைக்கு எட்டிய பின்பக்கத்தில் எல்லாவற்றையும் திணித்தான். ஜெனரேட்டர், தண்ணீர் கேன்கள், இரண்டாவது ஸ்பேர் சக்கரம். வால் கனத்தால் ஆட்டம் வரும். வகுப்பில் தராசு வரைந்து அவனே சொல்லிக்கொடுக்கிற பாடம். தெரியாமல் செய்யவில்லை. கவிழ்ந்தால் என்ன என்றுகூட நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை.

"பொண்டாட்டிதான் சாமான் ஏத்துவாளா?" என்றார் நெவில்.

"ஆமா."

"எங்க வீட்லயும் அதேதான். என்னை விட்டா பியரை மட்டும் ஏத்துவேன்."

இரண்டு பேருமாக ஜெனரேட்டரை முன்பக்கப் பெட்டிக்குத் தூக்கினார்கள். கேன்களைச் சக்கரங்களுக்கு மேலே தரையில் வைத்தார்கள். நெவிலுக்கு மூச்சு வாங்கியது. வேறெதுவும் அவர் கேட்கவில்லை. போகும்போது, "எண்பதுக்கு மேல போகாதே. எங்களால ஆமை மாதிரி ஊர முடியாது, நாங்க முன்னாடி போய்ட்டே இருக்கோம்" என்று அவன் தோளில் தட்டினார்.

ஜீப் கடந்து போனது. க்ளெனிஸ் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பின்னால் கிளம்பினான். ஸ்டியரிங்கில் இப்போது கனம் இருந்தது. முன்னால் அவர்களுடைய கேரவன் சிறிதாகிக்கொண்டே வந்து, கானல் நீரில் கால் இல்லாமல் மிதந்தது. நெடுநேரம் கழித்து ரேடியோ கரகரத்தது.

"ரோவன்." பழைய சத்தம் இல்லை. ஆனால் தாழ்த்திய குரலும் இல்லை. "ரெண்டு நாளா ஒருத்திகூடப் பேசிட்டு வந்திருக்கேன். அவ எப்படின்னு எனக்குத் தெரியணும். ஏதாவது சொல்லு. தூங்குறான்னு மட்டும் சொன்னே, வண்டியைத் திருப்பிட்டு வந்து உதைப்பேன்."

அவன் யோசித்தான். மைக்கை வாயருகே வைத்தான்.

"முதல் தடவை இந்தக் கேரவனைக் கொண்டு போனப்ப" என்றான், "அவ பின்னாடி நின்னு ரிவர்ஸ் பாத்துச் சொன்னா. இடது, இடதுன்னா. யாரோட இடதுன்னு கேக்காம நான் திருப்பிட்டேன். முகாம் தண்ணிக் குழாய் உடைஞ்சு பீய்ச்சி அடிச்சுது. அவ நகரல. அப்படியே நின்னா."

"...சரியாக் கேக்கல, தம்பி... விட்டு விட்டு... நின்னா, அப்புறம்..."

அவர்கள் ரேடியோ எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் பிடித்துவிடலாம். முள் எண்பதில் இருந்தது. அவன் மிதிக்கவில்லை.

"தலையிலருந்து கால் வரைக்கும் நனைஞ்சா" என்றான். "கையை இடுப்புல வெச்சுக்கிட்டு, இடது இடதுன்னு சொல்லிட்டே இருந்தா. முகாம்ல எல்லாரும் வெளிய வந்து பாத்தாங்க."

இரைச்சல் மட்டும்தான் பதிலாக வந்தது. சாலை காலியாக இருந்தது. ஜெம்மாவின் அம்மா காத்திருக்கும் எஸ்பரன்ஸ் இன்னும் இரண்டு நாள் தொலைவு. பொத்தானை மறுபடி அழுத்தினான்.

"எனக்குச் சிரிப்பு தாங்கல" என்றான். "இறங்கி ஓடினேன். அவ முகம் முழுக்கத் தண்ணி. கண்ணைத் திறக்க முடியல அவளால. யாருன்னு கேட்டா. நான்தான்னு சொன்னேன்."