அதிகாரியின் பெயரில் இரண்டு சாவிகள்

நாற்பத்தேழாவது நீரேற்று நிலையத்துக் கணினி எப்போதும் ஆடி அசைந்துதான் பதில் சொல்லும். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஒழுகும் ஏசிக்குக் கீழே வைத்திருந்த வாளி நிரம்பப் பார்த்தது. கூட வேலை பார்க்கும் கேபிள்காரர் அதைக் காலால் நகர்த்தி, காலி வாளியை வைத்தார். திரையில் ஒரு வரி ஓடி நின்றது. அவள் தாளில் நாற்பத்தேழுக்கு நேரே டிக் போட்டாள்.

"இன்னும் பதினாலு இருக்குண்ணே."

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருவியா தங்கச்சி?"

"முடிச்சாகணும்."

குடிநீர் வாரியத்துக்கு அறுபத்தொரு நீரேற்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் பம்புகளை ஓட்ட ஒரு கணினி. தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத இந்த அறையில் உட்கார்ந்தபடியே அவற்றுக்குள் நுழைந்து கோளாறைச் சரிசெய்வதுதான் இருவருக்கும் வேலை. நுழைவதற்கான சாவி இரண்டு பாதிகள் கொண்டது. ரகசியப் பாதி அவரவர் கணினியில் இருக்கும். பொதுப் பாதியை நிலையத்துக் கணினியில் வைத்துவிட வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் உள்ளே விடும்.

இதுவரை அந்தப் பொதுச் சாவிகளை அறுபத்தொரு இடத்திலும் தனித்தனியாகப் போட்டு வந்தார்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அறுபத்தொரு இடத்திலும் தேடி எடுக்க வேண்டும். எப்படியும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். இனி அந்தத் தலைவலி கிடையாது. எல்லாருடைய பொதுச் சாவியும் மத்திய டைரக்டரி என்ற ஒரே சர்வரில் இருக்கும். யாராவது நுழைய வந்தால் நிலையத்துக் கணினி, இந்தப் பெயருக்கு என்ன சாவி என்று டைரக்டரியைக் கேட்கும். வருகிற சாவி பொருந்தினால் திறக்கும். இந்த ஏற்பாடு முழுவதையும் நான்கு மாதமாக உட்கார்ந்து செய்தவள் அவள். நிலையங்களை ஒவ்வொன்றாக அதோடு இணைத்து வருவதும் அவள்தான்.

அந்த டைரக்டரியில் அவள் பெயர்தான் இல்லை. பெயர்கள் பணியாளர் பிரிவிலிருந்து வருகின்றன. பணியாளர் எண் இருந்தால்தான் பெயர் வரும். அவளும் கேபிள்காரரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு முதல் நாளே இதைப் பிரிவு அதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். "உங்களுக்கெல்லாம் தனிப் பேரு எங்க போய் வாங்கறது? என் பேர்லயே ரெண்டு பேர் சாவியையும் போட்டுக்கங்க" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவரும் அவர் பெயரிலேயே நுழைந்தார்கள், அவர் பெயரிலேயே பம்புகளை ஓட்டினார்கள். அதிகாரிக்கென்று சொந்தச் சாவி கிடையாது. அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இப்போது இரண்டு பக்கமும் இடித்தது. புது ஏற்பாட்டில் ஒரு பெயருக்கு ஒரே சாவிதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறது. கணினிகளில் வேலை செய்ததற்குப் பதிவு இருப்பவர்களுக்கு மட்டுமே ஒப்பந்தம் நீளும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்ததும் அவள் மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் நேரே பணியாளர் பிரிவுக்கு இறங்கினாள்.

எழுத்தர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கணினியில் தேடிப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒரு தடவைகூட உள்ள போனதா இல்லையேம்மா."

"சார் பேர்ல போனோம் மேடம். அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னாரு."

"எழுத்துல சொன்னாரா?"

"வாயால சொன்னாரு."

"வாய் இந்த ஃபைலுக்குள்ள வராதேம்மா. பதிவு கொண்டாங்க, பாக்கறேன்."

அவள் மாடி ஏறும்போதே பதிவைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தாள். யார் நுழைந்தாலும் நிலையத்துக் கணினி ஒரு வரி எழுதி வைக்கும். நாள், நேரம், பெயர். அதோடு, எந்தச் சாவியால் திறந்தது என்பதற்கு அந்தச் சாவியின் விரல்ரேகையையும் எழுதும். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறி அது. ஒரு சாவியின் ரேகை இன்னொன்றுக்கு வராது. பெயர் அதிகாரியுடையதாக இருக்கலாம், ரேகை அவளுடையது.

"அண்ணே, பழைய பதிவெல்லாம் அழிச்சிட்டமா?"

"எதுக்கு அழிக்கணும்? எவன் பாக்கப் போறான்னு அப்படியே போட்டு வச்சிருக்கேன்" என்றார் கேபிள்காரர்.

மூன்று நாள் வேலைக்கு நடுவே அவள் அறுபத்தொரு நிலையங்களிலிருந்தும் ஆறு வருஷத்துப் பதிவுகளை இறக்கினாள். தன் ரேகை உள்ள வரிகளை ஒரு பக்கமும் கேபிள்காரருடையதை இன்னொரு பக்கமும் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பினாள். அவள் கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள். அங்கங்கே ஒரு தாளை உருவி ரேகையை ஒவ்வொரு எழுத்தாக அவன் வாசிக்க, அவள் சரிபார்த்தாள். அவளுடையது பதினோராயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு வரிகள்.

"இந்த நாள்ல மட்டும் நாப்பது தடவை போயிருக்க. என்ன அன்னைக்கு?" என்றான் கணவன்.

அவள் தேதியைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "சாரோட பொண்ணு கல்யாணம். அவர் அன்னைக்கு மண்டபத்துல. ஆறு பம்பு ஒண்ணா நின்னுடுச்சு."

"கல்யாணத்தன்னைக்குக்கூட வேலை பாத்திருக்காருப்பா. இப்படி ஒரு அதிகாரி யாருக்குக் கிடைப்பாரு!"

திங்கட்கிழமை எழுத்தர் அம்மாவும் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். விடுப்புப் பதிவேட்டைத் திறந்து தேதியை ஒப்பிட்டார். பிறகு சிரிக்கவில்லை. இரண்டு கட்டுத் தாள்களையும் வாங்கி முத்திரை குத்தி, மேலே அனுப்புவதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் தெம்பாகத்தான் வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை அலுவலக உதவியாளர் இரண்டு உறைகளுடன் மூன்றாம் மாடிக்கு வந்தார். கேபிள்காரர் தன்னுடையதைப் பிரித்துப் படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் நின்றபடியே படித்தாள். வேறொருவர் பெயரைப் பயன்படுத்தி 11,382 முறை வாரியத்தின் கணினிகளுக்குள் நுழைந்தது அவளே அளித்த ஆவணங்களால் உறுதியாகிறது என்றும், மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றும் இருந்தது. அதிகாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது.

"நாமளே கொண்டுபோய்க் குடுத்திருக்கோம் பாரு, பைண்டிங் பண்ணி" என்றார் கேபிள்காரர்.

அவள் தாளின் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பணியாளர் எண் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஏழு இலக்கங்கள் இருந்தன.

"அண்ணே, உங்களுதுல நம்பர் இருக்கா?"

அவர் பார்த்தார். "இருக்கு."

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். எழுத்தர் அம்மா அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார்.

"நான் என்னம்மா செய்ய? மேல சொன்னாங்க, அடிச்சேன்."

"நம்பர் எப்படி மேடம் வந்துச்சு?"

"நம்பர் போடாம மெமோ அடிக்க விடாது சிஸ்டம். அதான் உண்டாக்கினேன்."

"நிஜ நம்பர்தானே?"

"நம்பர்னா எல்லாம் நம்பர்தான்."

"அப்ப சாவி ஏத்தற படிவம் ரெண்டு குடுங்க."

எழுத்தர் அம்மா இழுப்பறையிலிருந்து படிவங்களை எடுத்தார். "ஒப்பந்தம் நீட்டறது விளக்கம் முடியற வரைக்கும் நிக்கும்மா. அதை நம்பிடாத. வகைங்கற கட்டத்துலயும் நிரந்தரம்னு போட முடியாது, ஒப்பந்தம்னும் போட முடியாது. மெமோவுக்காக வந்த நம்பருக்கு ஒரே ஒரு வகைதான் இருக்கு."

"என்ன இருக்கோ அதைப் போடுங்க. வேலையை நிறுத்தச் சொல்லியிருக்காங்களா?"

"இல்லையே. நாளைக்கு டைரக்டரி ஓடணும்னுதான் சொல்லியிருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் பழைய சாவிகளை அறுபத்தொரு நிலையங்களிலிருந்தும் துடைத்தாள். டைரக்டரியில் அதிகாரியின் பெயருக்குக் கீழே சோதனைக்காக ஏற்றியிருந்த தன் சாவியை எடுத்தாள். புது எண்களில் தனக்கும் கேபிள்காரருக்கும் ஏற்றினாள். பத்து நிமிஷத்தில் அதிகாரி போன் செய்தார்.

"இயக்குநர் ரூம்ல இருக்கேன். புது ஏற்பாட்டைக் காட்டச் சொல்றாரு. என் பேர்ல உள்ள போகலையே?"

"உங்க பேர்ல சாவி இல்ல சார்."

"இருந்துச்சே?"

"அது என்னோடது சார். உங்களோடதை நீங்கதான் உண்டாக்கிக் குடுக்கணும். படிவம் கீழ இருக்கு."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போன் அடித்தது. இருபத்திரண்டாவது நிலையத்தில் பம்பு நின்றுவிட்டது. மேடான பகுதி, தொட்டியில் ஒரு மணி நேரத்துத் தண்ணீர்தான் இருக்கும் என்றார் அங்கிருந்த பம்பு ஆபரேட்டர். அவள் அதிகாரியிடம் "அப்புறம் பேசறேன் சார்" என்று வைத்துவிட்டுத் தன் எண்ணை அடித்தாள். நிலையத்துக் கணினி டைரக்டரியைக் கேட்டது. டைரக்டரி சாவியைக் கொடுத்தது. திறந்தது. கேபிள்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வால்வின் அளவு தவறிக் கிடந்தது. அவள் அதைத் திருத்திப் பம்பை ஓடவிட இருபது நிமிஷம் ஆனது. போனில் இரைச்சல் கேட்டது.

"ஏறுதும்மா, ஏறுது" என்று ஆபரேட்டர் சத்தம் போட்டார். "பதிவேட்டுல எழுதணும். வழக்கம்போல சார் பேர்தானே?"

"இல்லண்ணே. திரையில யார் பேரு காட்டுது?"

"ஏதோ பொம்பளை பேரா இருக்கே. நீதானா அது? எத்தனை வருஷமா பேசறோம், பேரே தெரியாமப் போச்சு."

"அதையே எழுதுங்க. நம்பரோட."

"கீழ வகைன்னு வேற ஒண்ணு காட்டுதும்மா. அதையும் எழுதணுமா?"

"பதிவேட்டுல அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எழுதுங்கண்ணே. திரையில இருக்கறபடியே எழுதுங்க."

பம்பின் இரைச்சலுக்கு நடுவே, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே அவர் எழுதுவது கேட்டது. "பழுது நீக்கியவர்" என்றார். அவள் பெயரைச் சொன்னார். ஏழு இலக்கங்களையும் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "வகை, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்" என்றார்.