ஏழு பெயர்கள் உள்ள பக்கம்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர மண்டபமொன்றில் முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டம் தொடங்க அரை மணி நேரமே இருந்தது. இரத்தினசிங்கம் நூற்றைம்பது கல்வெட்டுகளையும் இன்னும் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி ஆகியவற்றை அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு நூல் இல்லாத நினைவுநாளை யாழ்ப்பாணத்தவரால் எண்ணிப்பார்க்க முடியாது. ஆகவே, எண்பதுகளின் இறுதியில் தமக்கு டேனிஷ் கற்பித்த யூத ஆசிரியை எல்லன் லெவின்சனுக்கும் அன்று அகதிகளாக வந்திருந்த பழைய மாணவர்கள் கல்வெட்டு அடித்திருந்தார்கள். வம்சாவளியைத் தொகுத்தவர் இரத்தினசிங்கம்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. அன்று காலை ஆசிரியையின் மகள் நினா தொலைபேசியில் தற்செயலாகச் சொன்னார்: போலந்தில் இருந்த உறவுகளைப் பற்றி அம்மா வீட்டில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வம்சாவளியிலோ, அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்ட அந்த உறவினர் எழுவரின் பெயர்களும் இருந்தன.

"அந்தப் பிள்ளையிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே," என்றார் மனைவி இந்திராவதி.

"தாயின்ரை சொந்தங்களின்ரை பேர் தெரியாத பிள்ளையும் இருக்குமெண்டு நான் கண்டனானே?"

"அச்சடிக்கக் குடுக்கேக்கை என்ன துள்ளுத் துள்ளினியள்!"

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுக் குடுப்பமோ?"

"கிழிச்சால் ரீச்சருக்கு ஆர் பதில் சொல்லுறது? முதல் புத்தகத்தை அந்தப் பிள்ளையின்ரை கையிலை குடுங்கோ, போங்கோ."

முன்வரிசையில் அமர்ந்திருந்த நினா, இரத்தினசிங்கம் நீட்டிய நூலை வாங்கி வம்சாவளிப் பக்கத்தைத் திறந்தார். தமிழில் அச்சான பெயர்களின் கீழே டேனிஷ் எழுத்துகளும் இருந்தன. அவருடைய விரல் ஒவ்வொன்றாகக் கடந்து சென்றது.

"இது அம்மா சொன்னதா?" என்று டேனிஷில் கேட்டார்.

"ஓம். ஒவ்வொரு ஜனவரியும், அந்த முகாம் விடுபட்ட நாளிலை, இந்தப் பேருகள்தான் வகுப்பிலை சொல்வதெழுதுதல். பிழை விட்டால் திருப்பி எழுத வேணும்."

"எனக்குச் சொல்லாததை உங்களுக்கு ஏன் சொன்னார்?"

இரத்தினசிங்கம் தயங்கினார். "அதுக்குப் பிறகு, ஊர்ச் சண்டையிலை செத்துப்போன எங்கட ஆக்களின்ரை பேரை எழுதச் சொல்லுவா. அவ முதலிலை சொல்லாட்டி நாங்கள் எழுதியிருக்க மாட்டம். நான் ரண்டு தம்பிமாரை எழுதினனான்."

விரல் கடைசிப் பெயரில் நின்றது. "ரெஜினாவுக்கு எத்தனை வயது?"

"ஆறு. அதையும் சொன்னவ."

நினா பக்கத்தை மூடாமலே, "எத்தனை அடித்தீர்கள்?" என்று கேட்டார்.

"நூற்றைம்பது." குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் ஒலித்தது குரல்.

"போதாது. ஓகூஸ் நகரில் என் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் நண்பர்களுக்கும் வேண்டும்."

இரத்தினசிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். "இன்னும் அடிப்பம், பிள்ளை," என்று அவருக்கு முன்னே இந்திராவதி தமிழிலேயே சொல்லிவிட்டார்.

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நினா எழுந்து சென்று பெட்டியிலிருந்து ஒரு கட்டு நூல்களைத் தாமே எடுத்தார். முதலில் நுழைந்தவரிடம், வம்சாவளிப் பக்கத்தைத் திறந்தே நீட்டினார்.