இல்லாத நாற்காலி

எத்திராஜுக்கு முதல் நிமிடத்திலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. டிவியில் வந்த பயிற்சிக்காரப் பெண், "கோரை டைட்டா வெச்சுக்கோங்க" என்றாள். கோர் என்ற சாமான் தன் உடம்பில் எந்த மூலையில் கிடக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நைனா, லுங்கி இல்ல, வயிறு!" என்று சிரித்தாள் மகள் எழிலரசி. வீட்டிலேயே உடம்பைத் தேற்றும் அந்த வீடியோக்களை அவருக்குப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

பயில்வான் ஆகிற வயதா இது? இல்லைதான். ஆனால் காட்டுப்பாக்கத்து அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவில், பல்லக்கின் வலது முன்தண்டு எத்திராஜ் குடும்பத்துத் தோளுக்கு உரியது. போன வருஷம் பாதி வீதியில் அவர் தோள் தொய்ந்து, பல்லக்கு சாய்ந்து, அம்மன் தலைப் பூ கீழே விழுந்தது. யாரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இந்த வருஷம் வெள்ளோட்டத்தில் சாய்ந்தால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் எந்த முகத்தோடு வீதியில் நிற்பது?

அதனால் தண்ணீர் கேனைத் தூக்கினார். முதுகை நிமிர்த்தச் சொன்னால் நிமிர்த்தினார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இருப்பதுபோல முட்டியை மடக்கி உட்காரச் சொன்னாள் அந்தப் பெண்.

"இல்லாத சேர்ல எவனாவது குந்துவானா? பல்லக்க தோள்லதானே தூக்கறோம்!"

"ஊட்ல இருக்கற சேர்ல குந்துய்யா, யாரு வேணான்னா?" என்றாள் மனைவி சரசா.

வெள்ளோட்டத்தன்று அம்மனுக்குப் பதில் மணல் மூட்டைகளைப் பல்லக்கில் வைத்திருந்தார்கள். எத்திராஜ் தோளைக் கொடுத்து எழுந்தார். தோள் இம்மியும் தொய்யவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சாயுது! சாயுது!" என்று கத்தினார்கள்.

எத்திராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. தோள் கல்லாக நிற்கிறதே, எப்படிச் சாயும்?

இந்த முறை மறுபக்கம் சாய்ந்திருந்தது. இடது முன்தண்டைத் தாங்கிய பங்காளி பரந்தாமன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். "இன்னா அண்ணாத்தே, இப்டி வெறச்சிகினு நிக்கற? பாரம் பூரா எம்மேல எறங்குது. கொஞ்சம் தாழ்த்து!"

இருவருக்கும் சேர்ந்தே கூன் விழுந்திருந்தது. போன வருஷத்துக்கு முன்பு வரை பல்லக்கு மட்டமாக நின்றது அதனால்தான். இப்போது ஒருவர் மட்டும் நிமிர்ந்துவிட்டால் அது என்ன செய்யும், பாவம்?

முதுகை வளைத்தால் தோள் மறுபடி தொய்யும். வேறு வழியில்லாமல் முட்டியை மடக்கினார் எத்திராஜ். அதே இல்லாத நாற்காலி. தொடை வெடவெடத்தது. மனதுக்குள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கோயிலைச் சுற்றி வந்து சேர்ந்தார்.

"சாயல. எத்திராஜே தூக்கட்டும்," என்றார் கோயில் தலைவர் ஞானசேகரன்.

ஜெயித்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. பக்கத்தில் பரந்தாமன் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கி நீ தாழ்ந்து குடுத்த, தப்பிச்சேன். இனிமே என்னத்தான் மாத்துவானுங்க, அண்ணாத்தே."

போன வருஷத்துத் தன் முகத்தை அங்கே பார்த்தார் எத்திராஜ். "காலைல ஊட்டுக்கு வா," என்றார் அவரிடம்.

மறுநாள் இருவரும் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலிகளில் அருகருகே உட்கார்ந்தார்கள். டிவியில் பெண் பேச ஆரம்பித்ததும் பரந்தாமன் பயந்துபோய்த் திரும்பினார்.

"கோருன்னா இன்னா அண்ணாத்தே?"

"அத்த அப்பறம் பாத்துக்கலாம்," என்றார் எத்திராஜ். "மொதல்ல லுங்கிய இறுக்கிக் கட்டு."