தகரக் குரல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது குரல்வளையையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. பேச்சு போனதோடு, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் வேலையும் போயிற்று. ‘பிரேக்’ என்று டைப் அடித்து முடிப்பதற்குள் வண்டி சுவரில் ஏறியிருக்கும் என்று அவரே கேலியாகச் சொல்வார். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் போனவர் லேப்டாப்பை வைத்துப் பிழைத்தார். உரிமத் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு, பள்ளியின் பின்னறையில் சாலை விதிகளை நடத்தினார். அவர் டைப் அடிக்க அடிக்க, லேப்டாப் அதை வாய்விட்டுப் படிக்கும்.

அந்தக் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. காலி டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பேசுவதுபோல இருக்கும். மாணவர்கள் அதற்குத் தகரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாத்தியாருக்கு அதில் வருத்தம் இல்லை. தகரத்தின் மூக்கணாங்கயிறு தம் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்கே எத்தனை புள்ளி வைத்தால் எவ்வளவு நேரம் வாயை மூடும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. “சிவப்பு விளக்குல நிக்காம போறவங்க, கொஞ்ச நாள்ல… படுத்துத்தான் இருப்பாங்க” என்று அது உணர்ச்சியே இல்லாமல் சொல்லும்போது அறை முழுக்கச் சிரிக்கும். இரட்டை எழுத்துகளில் ஒன்றை அது விழுங்கிவிடும் என்பதால் ஒன்று கூட்டி எழுதுவார். ழகரம் அதன் வாயில் நுழையாது. ஆகவே அவருடைய பாடங்களில் மழை பெய்வதே இல்லை, வானம் ஊற்றும். இப்படிக் கோணல் எழுத்தில் எழுதிச் சேர்த்த பாடங்கள் ஏராளம்.

ஒரு நாள் காலை வகுப்புக்குக் கிளம்பும்போது லேப்டாப்பிலிருந்து கருகிய வாடை வந்தது. திரை அணைந்தது. பழுது பார்க்கும் கடையில் இருந்த பெண் திறந்து பார்த்துவிட்டு, போர்டு எரிந்துவிட்டது, இனிப் பிழைக்காது, ஆனால் உள்ளே இருக்கும் பாடங்களுக்கு ஆபத்தில்லை என்றாள்.

செய்தி மகளுக்குப் போயிற்று. நகரத்தின் மறுகோடியில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. தினமும் இரவில் தகரத்தை வைத்துத்தான் அவளோடு போனில் பேசுவார். விடுப்பு எடுத்துக்கொண்டு புது லேப்டாப் வாங்கினாள். பாடங்களையெல்லாம் அதில் ஏற்றி, புதுக் குரல் ஒன்றையும் போட்டுக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தாள். வாத்தியார் “வணக்கம்” என்று அடித்தார். கனமான ஆண் குரல் ஒன்று, மூச்சு விட்டு, மனிதர் பேசுவதுபோலவே வணக்கம் சொல்லியது. அவருடைய மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். உடனே உள்ளே திரும்பிப் போனாள். அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதல் வகுப்பே சொதப்பியது. புதுக் குரல் இணையத்திலிருந்து இறங்கி வர வேண்டும். பின்னறையிலோ சிக்னல் தள்ளாடும். கேள்வி கேட்டவர் வேறு பேச்சுக்குப் போன பிறகு பதில் வந்தது. வேடிக்கைக்காகப் போட்ட புள்ளிகளை அது மதிக்கவே இல்லை. படுத்துத்தான் இருப்பாங்க என்பதை அத்தனை பரிவோடு சொன்னதில், முன்வரிசைப் பெண் முகம் வாடிப் போனாள். கூட்டி எழுதிய எழுத்துகளைப் பிசகாமல் படித்துத் திக்கியது. யாரும் சிரிக்கவில்லை. நடுவில் உள்ளே வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, இன்றைக்கு வாத்தியார் வரவில்லையா என்று கேட்டார். வாத்தியார் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

பாடங்களைத் திருத்தி எழுதிப் பார்த்தார். எழுத்தைத் திருத்த முடிந்தது, வேடிக்கையைத் திருத்த முடியவில்லை. மறுபடி அதே கடைக்குப் போய், பழைய குரலையே இதில் போட முடியுமா என்று கேட்டார். கடைக்காரப் பெண் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அந்தக் குரலைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புது விண்டோஸில் அது ஏறாது. வேண்டுமானால் புதியதை முழுக்க அழித்துவிட்டுப் பழைய விண்டோஸைப் போடலாம்.

“முடியாதுன்னு சொல்லல சார். ஆனா இந்த மாடலுக்குப் பழசு சரியா ஒத்துக்காது. ஏதாவது ஒண்ணு ரெண்டு வேலை செய்யாம போகும். பாதுகாப்பு அப்டேட்டும் வராது. புது லேப்டாப்ப வாங்கிட்டு யாரும் இப்படிக் கேட்டதில்ல” என்றாள்.

வாத்தியார் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். மகளுக்கும் அப்படியே செய்தி அனுப்பினார். ‘சரிப்பா, உங்க இஷ்டம்’ என்று பதில் வந்தது. வழக்கமாக அவள் செய்தி ஒரு முழப் பூப்போல நீளமாக இருக்கும்.

அன்று மாலை மனைவி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்தக் குரலை அவ சும்மா எடுக்கலைங்க. ஒவ்வொண்ணா போட்டுப் போட்டுக் கேட்டிருக்கா. எனக்குப் போன்ல கேக்க வச்சு, ‘இது அப்பா மாதிரி இருக்குல்ல’ன்னு கேட்டா. போன்ல கேக்கும்போது எனக்கு ஒண்ணும் தோணல. நீங்க உக்காந்திருக்கற பக்கத்துலேருந்து வந்ததும்தான்…” என்று நிறுத்திக்கொண்டாள்.

வாத்தியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இருந்த காலத்தில் அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்கே தம் குரல் எப்படி இருந்தது என்று ஞாபகம் இல்லை. வலி ஞாபகம் இருந்தது, ஆஸ்பத்திரியின் பச்சைத் திரைச்சீலை ஞாபகம் இருந்தது, குரல் மட்டும் எங்கோ கழன்று விழுந்திருந்தது. மெதுவாக டைப் அடித்தார்.

“நான் இப்படியா பேசினேன்?” என்று கேட்டது அந்தக் கனமான குரல்.

“ஏறக்குறைய” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். முகத்தில் கோபம் ஏதும் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. இன்று முழுக்க இந்தக் குரலிலேயே பேசுவதாக அவளிடம் சொன்னார். சாப்பிடும்போதும் லேப்டாப் பக்கத்து நாற்காலியில் இருந்தது. அவள் வேலையைப் பற்றி விசாரித்தார், புது மேலதிகாரியைப் பற்றி விசாரித்தார். அவள் சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்தில் தொண்டை கிழியக் கத்தியதையெல்லாம் அப்படியே டைப் அடித்தார்.

“கிளட்ச்சை விடு. விடுன்னா விடு. கழுதை மேய்க்கத்தான் லாயக்கு நீ” என்றது குரல், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சாப்பிடச் சொல்லும் பணிவோடு.

மகள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்தாள்.

“போதும்ப்பா. குரல் உங்களோடதுதான், பேசறது நீங்க இல்ல. இவ்வளவு பொறுமையா நீங்க எப்ப பேசியிருக்கீங்க? அந்தத் தகரமாவது உங்கள மாதிரி வள்ளுனு விழும்.”

பிறகு அவள், அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வரி வேண்டும் என்றாள். வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் கூப்பிடுவாரே, அது. வாத்தியாருக்கு உடனே புரிந்தது. அதில் கத்தல் கிடையாது. களைப்பு மட்டும்தான் இருக்கும்.

“எங்க என் வாலு?” என்றது குரல்.

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் போனை அருகில் வைத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பதிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவளும் கடைக்கு வந்தாள். பழைய விண்டோஸ் பென் டிரைவிலிருந்து ஏறி முடிக்கும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரப் பெண் சொன்னதுபோலவே ஆயிற்று. விரலால் தடவும் பலகை வேலை செய்யவில்லை. தனியாக ஒரு மவுஸ் செருக வேண்டியிருந்தது. திரையின் வெளிச்சம் ஒரே அளவில் நின்றுவிட்டது. வைஃபை பிடிக்கவில்லை. அது நல்லதுதான், இதை இணையத்தில் இணைக்காதீர்கள், பேங்க் சமாச்சாரமெல்லாம் போனிலேயே இருக்கட்டும் என்றாள் கடைக்காரப் பெண். பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கிலிருந்து குரலை எடுத்து ஏற்றினாள். வாத்தியார் ஆசையோடு ஒரு வரி அடித்தார்.

கீச்சென்று, விரட்டப்பட்ட அணில்போல எதையோ கத்திவிட்டு நின்றது.

குரல் வந்ததே தவிர, அதற்கு வைத்திருந்த வேகமும் சுருதியும் கூட வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவர்தான் அவற்றை மாற்றி மாற்றி ஓர் இடத்தில் நிறுத்தியிருந்தார். எந்த இடம் என்பது இப்போது அவருக்குத் தெரியவில்லை. மவுஸைப் பிடித்து நகர்த்தினார். கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. மறுபடி நகர்த்தினார், மூக்கால் பேசியது. இத்தனை பாடுபட்டுக் கடைசியில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று அவர் பயந்தார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னும் மெதுவா… இல்ல, ரொம்ப இறங்கிடுச்சு. கொஞ்சம் ஏத்துங்க. ம்ஹூம், இது யாரோ” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் நகர்த்திக்கொண்டே இருந்தார். கடைக்குள் இரண்டொருவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“நில்லுங்க. இதுதான்” என்றாள்.

அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னும் ஒரு துளி தள்ளிப் பார்க்கலாம் என்று கையை அசைத்தார். அவள் அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“தினம் போன்ல கேக்கறவ நான். எனக்குத் தெரியாதா? இதுதான்ப்பா.”

வாத்தியார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து டைப் அடித்தார்.

“சரி கிளம்பு, மத்தவங்க காத்திருக்காங்க” என்றது தகரம்.